அசனார் வாசிக்காமல் போன கடைசி அத்தியாயம்

மழை விடாமல் பெய்து வட்டை வயல்களில் அறுவடை பிந்திய வருசம். முகத்துவாரத்தை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்ட வருசம். என் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டு, அயலூர்க்காரரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன வருசம். வேறெந்த வருசமும் இல்லை, இந்த வருசம்தான். வெள்ளம் வடிந்து பாதை தெரியத் தொடங்கிய நாலாம் நாள் காலை, பால் எடுக்க வரும் வாகனக்காரர் இறங்காமலே தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“மூத்தவர், ஏறாவூர்த் தயிர்க்காரக் காக்கா மவுத்தாம். பகல் ழுஹர் தொழுகையோட அடக்கமாம்.”

அன்று அசனாருக்கென்று பதினொரு சட்டி தயிர் உறைய வைத்திருந்தேன். சட்டிகளைப் பார்த்தேன், வாகனத்தைப் பார்த்தேன். “இதுகளையும் ஏத்துங்க” என்றேன். அவருடைய தயிர், அவருடைய வீட்டுக்கே போகட்டும். சாரத்தை மாற்றிக்கொண்டு பால் பீப்பாய்களுக்கு நடுவில் ஏறிக் குந்திக்கொண்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று பிடி மண் போட எனக்கும் இடம் விட்டார்கள்.

அசனாரிடம் புத்தகம் வாங்கி வாசித்தவர்கள் சேர்ந்து இந்தச் சிறு நினைவு மலரை அச்சிடுகிறார்கள். பட்டிக்கார மூத்ததம்பி நான், எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவருடைய மகள் பரீதா எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். கதைப் புத்தகம் கையால் தொடமாட்டாள். “வாப்பா வாசிச்சது எங்கட ஏழு தலைமுறைக்கும் காணும்” என்பாள். ஆகையால் எழுத்து அவளுடையது, பிழை இருந்தால் அது என்னுடைய ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தில் பிழை இருக்காது. மாட்டின் தொடையில் இருக்கும் குறியை ஒருமுறை பார்த்தால் நாற்பது வருசத்துக்கும் மறக்காதவன் நான்.

அசனாரை உங்களில் பலருக்குத் தயிர்க்காரராகத் தெரியும். கிழமைக்கு இரண்டு நாள் கரடியனாற்றுப் பக்கத்துப் பட்டிகளுக்கு வந்து எருமைத் தயிர் எடுத்து ஏறாவூரில் விற்பார். தயிர் சரியாக உறைந்ததா என்று பார்க்க அவர் கரண்டி போடுவதில்லை. சட்டியைத் தூக்கித் தன் தலைக்கு நேராகக் கவிழ்ப்பார். தயிர் விழாது. “பட்டிக்காரன நம்புறன், எருமைய நம்புறன்” என்பார். ஒரே ஒரு நாள் விழுந்தது. அன்று எனக்கு உறை மோர் பிழையாய்ப் போய்விட்டது. தயிர் முழுவதும் அவர் தலையிலும் தாடியிலும் வடிந்தது. அந்த நேரத்திலும் கக்கத்தில் வைத்திருந்த புத்தகத்தை மட்டும் கை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மச்சான், முதல் இத வாங்கு. மறுகா என்னைக் கழுவலாம்.”

அப்படித்தான் அந்தப் புத்தகத்தை முதன்முதலில் என் கையில் வாங்கினேன். எங்களுக்குள் அதன் பெயர் கதவுப் புத்தகம்.

கதை இதுதான். ஒரு நாடு. அங்கே அரசாங்கம் கதவுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்குக் கதவில்லை, கடைக்கில்லை, குளிக்கிற இடத்துக்கும் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கதவு எதற்கு என்பது அவர்களுடைய சட்டம். கழற்றிய கதவுகளை மலைபோலக் குவித்து எரித்தார்கள். ஒரு தச்சன் மகள் மட்டும், துண்டு துண்டாகப் பலகை சேர்த்து, இடிந்த வீடொன்றுக்குள் களவாக ஒரு கதவு செய்கிறாள்.

அசனார் தயிர் எடுத்து முடித்த பிறகு, பட்டிக்குப் பக்கத்து மருதமரத்தின் கீழ் இருந்து இதை வாசிப்பார். அரசாங்க அதிகாரி பேசும்போது மூக்கால் பேசுவார். தச்சன் மகள் பேசும்போது குரலைத் தாழ்த்துவார். எருமைகள் அசைபோட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் நான் அரசாங்கத்தின் பக்கம்தான் நின்றேன். “கதவில்லாட்டி என்ன மச்சான்? பட்டியில படுக்கிறவன் நான். எனக்கு என்ன கதவு?” என்று கேட்டேன். அசனார் அடுத்த முறை வாசிப்பைச் சந்தியில் இருக்கும் நல்லம்மாவின் தேத்தண்ணிக் கடைக்கு மாற்றினார். நல்லம்மா புருசனில்லாமல் தனியாகக் கடை நடத்துகிறவள். எட்டாம் வகுப்புவரை படித்தவள், வாயும் அந்தளவுக்குப் படித்தது. என் கேள்வியை அவளிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“நீ ஆம்பிள அண்ண. கோவணத்தோட குளத்தில குதிப்பாய்” என்றாள். “நான் இஞ்ச ஒரு சீலை மாத்திறதெண்டா கடைய மூணு தரம் சுத்திப் பாக்கவேணும். கதவின்ட அருமை உனக்கென்ன தெரியும்?”

அசனார் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார். அன்றோடு நான் கட்சி மாறினேன்.

பாதி வாசித்தபோது பாதை பூட்டிவிட்டது. யுத்த காலம், ஏன் பூட்டியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏறாவூரிலிருந்து ஒருவர் எங்கள் பக்கம் வரமுடியாது, நாங்களும் அங்கே போகமுடியாது. தயிரை மாட்டுக்கே ஊற்றினோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிவதற்கே வழியில்லாத வருசங்கள். பிறகு பாதை திறந்தது. திறந்த முதல் கிழமையே சைக்கிளில் ஒருவர் வந்து மருதமரத்தடியில் இறங்கினார். தாடி வெள்ளையாகியிருந்தது. நான் எழுந்து ஓடிப்போனேன். கட்டிப்பிடிக்கவா, அழவா என்று தெரியாமல் நின்றேன். அவர் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

“விட்ட இடம் எது மச்சான்?”

அவள் உளி தீட்டிக்கொண்டிருக்கிற இடம் என்றேன். சரியாக அந்தப் பக்கத்தைப் பிரித்தார். ஓலைத் துண்டொன்று அடையாளத்துக்கு வைத்திருந்தார். விட்ட இடம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

அந்தக் காலத்தில்தான் யோசேப்பு எங்களோடு சேர்ந்தார். தன்னாமுனைத் தச்சர். வீட்டுத்திட்டத்துக்குக் கதவு யன்னல் போட வந்து, என் வளவில் கொட்டில் போட்டு ஐந்து மாதம் தங்கியிருந்தார். கதவுக் கதை என்று கேள்விப்பட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவருக்காக அசனார் முதலிலிருந்து மறுபடி வாசித்தார். யோசேப்புக்கு அரசாங்கமும் பெரிதில்லை, தச்சன் மகளின் துன்பமும் பெரிதில்லை. அவருக்கு ஒரேயொரு கேள்விதான்.

“பிணைச்சல் எங்கால வந்த?”

“என்ன பிணைச்சல்?” என்றார் அசனார்.

“கதவெல்லாம் எரிச்சாச்சு. கதவையும் நிலையையும் சேக்கிற இரும்புப் பிணைச்சலெல்லாம் உருக்கியாச்சு. அப்ப இவள் எதில கதவக் கொழுவினாள்? ‘கதவைக் கொழுவினாள்’ எண்டு ஒரு வரியில எழுதிப்போட்டுப் போனாக் காணுமா? எழுதினவன் ஒரு நாள் பட்டறையில நிண்டிருக்கானா?”

“யோசேப்பு அண்ணன், அது கதை.”

“கதை எண்டா கதவு நிக்கத் தேவையில்லையா?”

முதலாம் பாகத்தின் முடிவு இப்படி. அவள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறாள். அந்த நாட்டில் முப்பது வருசத்துக்குப் பிறகு பூட்டிய முதல் கதவு. அப்போது வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். அதோடு புத்தகம் முடிந்தது. இரண்டாம் பாகம் தொடரும் என்று அடியில் போட்டிருந்தது.

அன்று பின்னேரம் நல்லம்மாவின் கடையில் பெரிய சண்டை. திறக்கவேண்டும் என்று நான் சொன்னேன். தட்டுகிறவன் கூட்டாளியாகவும் இருக்கலாமே. பிணைச்சல் தெரியாமல் ஒன்றும் சொல்லமுடியாது என்றார் யோசேப்பு. நல்லம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “தட்டினாத் திறக்கப்படாது” என்றாள். ஏன் என்று கேட்டேன், மடையன்.

“என்ட மனிசன் திறந்தவர்.”

அசனார் எழுந்துபோய் எல்லோருடைய கோப்பைகளையும் தானே கழுவி வைத்தார்.

இரண்டாம் பாகம் வர அதற்குப் பிறகு பல வருசம் ஆனது. அது வந்த வருசமும் எனக்கு நல்ல ஞாபகம். பெற்றோலுக்கு ஆட்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற வருசம். வயலுக்கு உரமில்லை, கடையில் பால்மா இல்லை. பால்மா இல்லாததால் எங்கள் பாலுக்கு மரியாதை வந்த வருசம். அசனாரின் மோட்டார் சைக்கிள் வீட்டில் கிடந்தது. பழைய சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார்.

“வந்திட்டு!”

“என்ன, பெற்றோலா?”

“போடா! புத்தகம்!”

அவர் வாசித்து முடித்துவிட்டார். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அசனாரின் சட்டம். ஒரு கதையை வாசித்தவன் வாயால் சொல்லக்கூடாது, புத்தகத்தைத்தான் கொடுக்கவேண்டும். “வாயால சொன்னா அது மோர். தயிர் கேட்டவனுக்கு மோர் குடுக்கிறதா?” என்பார். வாசித்தவர் புத்தகத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது. “எருமைய ஒரே இடத்தில கட்டி வெச்சாப் பால் வத்திப் போகும்” என்பது இன்னொரு சொல். இந்த இரண்டு சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர்கள்தான் இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள்.

தான் பகலெல்லாம் சைக்கிள் மிதிக்க வேண்டியிருப்பதால் இருந்து வாசிக்க நேரமில்லை என்றும், நல்லம்மா எனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றும், பிறகு அது தன்னாமுனைக்கு யோசேப்பிடம் போகவேண்டும் என்றும் ஒழுங்கு சொல்லி, புத்தகத்தை என்னிடம் தந்தார். வாசித்தவர்கள் பின்னட்டைக்குள் பெயர் எழுதுவது வழக்கம். அவர் தன் பெயரை எழுதியிருந்தார். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. நான் பட்டிக்காரன். எனக்குத் தெரிந்த கையெழுத்து எங்கள் குடியின் மாட்டுக்குறி. பிறைபோல ஒரு வளைவு, நடுவில் ஒரு கோடு. கம்பியொன்றை வளைத்து அடுப்பில் காய்ச்சிப் பின்னட்டையின் வெளிப்பக்கத்தில் மெல்லச் சுட்டேன். அழகாக விழுந்தது. ஐந்தாறு பக்கம் கருகியதும் உண்மைதான். ஓரம்தான், எழுத்தில்லாத இடம்.

நல்லம்மா பின்னேரங்களில் வாசித்தாள். சீனி இல்லாத தேத்தண்ணி, ஆனால் கதை இனித்தது. இரண்டாம் பாகம் முழுவதும் வெளியே நின்று கதவைத் தட்டுகிறவனின் கதை. அவன் யார், எங்கிருந்து வந்தான், எதற்காக அந்த இடிந்த வீட்டைத் தேடினான் என்பதெல்லாம் விரிந்துகொண்டே வந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயத்தில் அவன் கையை ஓங்கித் தட்டுகிறான். இனிக் கடைசி அத்தியாயம்தான். அடுத்த நாள் அதை வாசிப்பதாக இருந்தோம்.

அடுத்த நாள் காலையில் அசனார் வந்தார். வழக்கமான நாள் இல்லை. யோசேப்பை ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சுகமாகி அனுப்பவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். அசனார் போய்ப் பார்த்திருக்கிறார். படுக்கையில் கிடந்துகொண்டு யோசேப்பு கேட்ட முதல் கேள்வி, “பிணைச்சலுக்கு என்ன சொல்லியிரிக்கி?”

“நான் சட்டத்த மீறல்ல மச்சான்” என்றார் அசனார். “வாயால சொல்லல்ல. புத்தகம் வருகுதெண்டு சொல்லிப்போட்டு வந்தன். உனக்கு இன்னும் எவ்வளவு இரிக்கி?”

“ஒரு அத்தியாயம்.”

நீண்ட அத்தியாயம், வாசிக்க ஒரு பின்னேரம் வேண்டும். டீசல் உள்ள ஒரேயொரு உழவு இயந்திரம் செங்கலடிக்குப் போக அப்போதே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது; அசனாரின் சைக்கிளைவிட அது முந்திப் போய்விடும். “யோசேப்பு முதல்ல கேக்கட்டும். அவன் கேட்ட பிறகு நான் கேக்கிறன்” என்றேன். வாயால் சொன்னது சொன்னதுதான்.

நல்லம்மா புத்தகத்தைப் பையில் சுற்றித் தந்தாள். பையிலிருந்து எடுத்து உழவு இயந்திரக்காரரிடம் வெறுமனே கொடுத்தவன் நான்தான், குறி வெளியே தெரியட்டும் என்று. செங்கலடியில் ஒரு கடையில் வைத்துவிட்டால், தன்னாமுனை ஆட்கள் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது ஏற்பாடு.

இரண்டு நாள் கழித்து, மேற்குப் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவர் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“மூத்தவர், உங்கட உருப்படி ஒண்டு செங்கலடிக் கடையில கட்டிக் கிடந்திச்சு. குறியக் கண்டன். அவிழ்த்துக்கொண்டு வந்திட்டன்.”

எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. தவறிப்போன மாட்டில் யாருடைய குறி இருக்கிறதோ, கண்டவர் அதை அவர் பட்டியில் கொண்டுவந்து விடவேண்டும். கொண்டுவந்தவருக்கு மாட்டுக்காரர் சாப்பாடு போட்டு ஒரு சட்டி தயிர் கொடுக்கவேண்டும். புத்தகம் மாடில்லை என்று எப்படிச் சொல்வது? சாப்பாடு போட்டேன், தயிர் கொடுத்தேன். “வாசிப்பமா அண்ண? ஒரு அத்தியாயம்தானே” என்றாள் நல்லம்மா. யோசேப்பு முதல் என்றேன்.

இரண்டாம் முறை பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வந்த இன்னொரு பட்டிக்காரர் அவர் கையில் குறியைக் கண்டு, இது கள்ள மாடு என்பதுபோலச் சண்டைபிடித்துப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். நடத்துநர் பாவம். மறுபடி சாப்பாடு, மறுபடி தயிர்.

அன்று பின்னேரம் நல்லம்மாவால் பொறுக்க முடியவில்லை. “நீ கேளாத. நான் மனசுக்குள்ள வாசிக்கன்” என்று சொல்லி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். நான் எதிரே வாங்குப் பலகையில் இருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன், அவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை. முதலில் புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது. பக்கத்தைத் திருப்பினாள். கேத்தில் தண்ணீர் கொதித்து வழிந்தது, அவள் திரும்பவில்லை. ஒரு இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பயந்துபோனேன். இன்னும் நாலு பக்கம் போனபிறகு சிரித்தாள். வாய்விட்டு, கடைக்கு வெளியே ஆட்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. புத்தகத்தை மூடினாள்.

“அண்ண, இத நீ கட்டாயம் கேக்கவேணும்.”

“திறந்தாளா?”

“போ அங்கால. காக்காட சட்டம்.”

மூன்றாம் முறை ஒருவர் கொண்டுவந்தபோது அவருக்குத் தயிரில்தான் கண் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கிழமை போய்விட்டது. யோசேப்பு காத்துக்கொண்டு கிடக்கிறார்.

அப்போதுதான் அசனார் சைக்கிளில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். மனிதர் மருதமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு முட்டி, நெஞ்சில் கை வைத்து, தண்ணீர் கொடுத்து நிறுத்தவேண்டியதாய்ப் போயிற்று.

“மூணு சட்டி தயிர்! புத்தகத்துக்கு! மச்சான், இந்த உலகத்தில ஆரும் ஒரு கதைக்கு இவ்வளவு மரியாதை குடுத்திருக்கமாட்டான்!” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “சரி, சொல்லு. ஒரு மாட்ட வித்தா என்ன செய்வீங்க? குறி உன்டதானே இரிக்கும்?”

“வாங்கினவர் தன்ட குறியப் பக்கத்தில போடுவார். அதுக்குப் பிறகு அது என்ட பட்டிக்கு வராது.”

“அப்ப கம்பியக் காய்ச்சு.”

அவருக்குக் குறி ஏது? யோசித்துப் பார்த்து ஒரு தயிர்ச் சட்டியின் வடிவம் வளைத்தார். சட்டியைவிடப் பூசணிக்காய் போலத்தான் இருந்தது. என் பிறைக்குப் பக்கத்தில் அதைச் சுட்டார். இப்போது அது என் மாடில்லை. அதை நான் தெரிந்துதான் செய்தேன். இனி அது போனால் தானாகத் திரும்பி வராது என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? அசனாருக்கும் விளங்கியது. சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்:

“பயப்பிடாத. யோசேப்புக்கு நானே வாசிச்சுக் காட்டுறன். மறுகா அது சுத்திக்கொண்டு உன்னட்ட வரும். கடைசி அத்தியாயத்த உனக்கும் நான்தான் வாசிப்பன். வேற ஆக்கள் வாசிச்சா நீ நித்திரை கொள்ளுவாய்.”

எழுபதை நெருங்கிய மனிதர், கரடியனாற்றிலிருந்து தன்னாமுனைக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தார். நான் கூடப் போகவில்லை. மூன்று எருமைகள் கன்று போடும் நாள். மூன்று பகல் யோசேப்பின் கட்டிலோரம் இருந்து வாசித்தாராம். நாலாம் நாள் காலை கடைசி அத்தியாயம். நடுவில் ஒரு பக்கத்தில் யோசேப்பு கையைத் தூக்கினாராம். “அத இன்னொருக்கா வாசி.” வாசித்தார். “இன்னொருக்கா.” மூன்று முறை வாசித்தார். யோசேப்பு கண்ணை மூடி, இரண்டு கையாலும் காற்றில் எதையோ பொருத்திப் பார்த்தாராம். பிறகு சொன்னார்:

“சரி. கதவு நிக்கும்.”

முடிவைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன இன்னொரு விசயமும் அசனார் எனக்குச் சொன்னார். “மூத்ததம்பி இன்னும் கேக்கல்லையா? அப்ப கெதியா அவனிட்டக் கொண்டுபோ. நீ போகாட்டி நான் ஒழும்பி வந்து வாசிப்பன்.” அதற்குப் பிறகு யோசேப்பு பதினொரு நாள் இருந்தார். கடைசி நாள்வரை வருகிறவர்களிடமெல்லாம் பிணைச்சலைப் பற்றியே பேசினாராம். முடிவைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்.

புத்தகம் யோசேப்பின் வீட்டிலிருந்து வேறொரு தச்சருக்குப் போனது. அங்கிருந்து காத்தான்குடியில் ஒரு நெசவுகாரருக்கு. பிறகு களுதாவளையில் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவருக்கு. பிள்ளையார் கோயில் திருவிழாவில் அவர் கையில் அதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை தயிர் எடுக்க வரும்போதும் நான் கேட்பேன்.

“எங்க மச்சான் என்ட அத்தியாயம்?”

“மேயுது. வரும்.”

மூன்று வருசம் இப்படி. அவர் நினைத்திருந்தால் ஒருநாள் களுதாவளைக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. ஒருவர் கையிலிருக்கும் புத்தகத்தைப் பாதியில் பறிக்கக்கூடாது என்பார். எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. நான் கேட்கக் கேட்க அவருக்கு அது பிடித்திருந்தது. பரீதா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டுகிறாள். வீட்டிலும் சொல்லிச் சிரிப்பாராம், “மூத்ததம்பிய ஒரு அத்தியாயத்தில கட்டி வெச்சிரிக்கன்” என்று.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். பரீதா பட்டணத்துப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்த்தாள். விற்று முடிந்துவிட்டதாம், இனி அச்சில் வருமா தெரியாதாம்.

கடைசியாக வந்தது வெள்ளத்துக்கு முந்திய கிழமை. பத்துச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. போகும்போது, “அடுத்த முறை பதினொண்டு வை மச்சான், பேத்திக்கு வேணும்” என்றார். அத்தியாயத்தைப் பற்றி அன்று நான் கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, அவசரம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று பரீதா கேட்கிறாள். சட்டியில்லை, சைக்கிளில்லை. அந்தத் தச்சன் மகள் என் தலைக்குள் ஏறாவூர்த் தமிழில் பேசுகிறாள். அந்த அதிகாரி மூக்கால் பேசுகிறான். எந்த அரசாங்க ஆள் பட்டிக்கு வந்து கடுதாசி நீட்டினாலும் எனக்கு அசனாரின் மூக்குக் குரல்தான் கேட்கிறது, சிரிப்பு வந்துவிடுகிறது. பிறகு, எவ்வளவு காலம் பாதை பூட்டிக் கிடந்தாலும் வந்ததும் விட்ட இடம் எது என்று கேட்கவேண்டும் என்பது. அதை வைத்திருக்கிறேன். என் தம்பியோடு ஏழு வருசமாகப் பேச்சில்லை. அசனாரை அடக்கிவிட்டு வந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போய், “விட்ட இடம் எது?” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் தேத்தண்ணி தந்தான்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கதவுப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. பின்னட்டையில் பிறையும் கோடும், பக்கத்தில் பூசணிக்காய் போல ஒரு சட்டி. வாசித்து முடிக்காவிட்டால் முடியுங்கள், பாதியில் தரவேண்டாம். முடித்தவர் முடிவைச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எனக்கு எழுபத்தொன்பது வயது, கொஞ்சம் கெதியாக வாசித்தால் நல்லது. கொண்டுவருகிறவருக்குச் சாப்பாடும் ஒரு சட்டி தயிரும் உண்டு.

பட்டியைத் தேடி அலையவேண்டாம். கரடியனாற்றுச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்து, எனக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னவர்களில் யோசேப்பு போய்விட்டார், அசனார் போய்விட்டார். இருப்பவள் நல்லம்மா.